வெள்ளைத் துணிமேல் வைத்த மருந்து

ஜெபா, சாமு, உங்கள் பெரிய மாமாவை நான் ஏன் நம் வாசற்படி ஏற விடுவதில்லை என்று கேட்டீர்கள். அவர் பாஸ்டராக இருக்கும் சபையில் இந்தச் சாட்சியைச் சொல்ல விடமாட்டார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு மார்பில் கட்டி. அறுத்தும் பயம் போகவில்லை. மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற ஊசி மருந்தை டாக்டர் எழுதினார். புற்றுநோய்ச் செல்லின் மேல் இருக்கும் அடையாளத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதமாம். குளிரிலேயே இருக்க வேண்டும், சூடு பட்டால் கெட்டுவிடும் என்றார். வாங்கிவந்து பிரிட்ஜில் வைத்தேன்.

சித்திரை வெயில். நான் திருமழிசையில் ஷிப்டில் இருந்தேன். மாமா வந்து, உபவாச ஜெபத்தில் வைக்கிறேன் என்று மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து நசரத்பேட்டையில் இருக்கும் தன் சபைக்குத் தூக்கிப் போய்விட்டார். சாயங்காலம் கொண்டுவந்தவர் பெருமையாகச் சொன்னார்.

"ஐஸ் தண்ணி ஜெப மேச வெள்ளத் துணிய நனைச்சிகினே இருந்திச்சி மச்சான். பாட்டில எடுத்து வெளிய வச்சிட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"ஜெபம் முடியிற வரைக்கும். இன்னா, ஜெபத்த விட ஐஸு பெருசா? நர்ஸாண்ட போய் இதெல்லாம் சொல்லிகினு இருக்காத."

அவர் சட்டையைப் பிடித்தேன். அம்மா அழுததால் விட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். நர்ஸ் பாட்டிலை ஒதுக்கி வைத்தார். "இதைப் போட முடியாது சார்." அம்மா கட்டிலில் கையை நீட்டியபடியே இருந்தாள். ஏற்கெனவே காய்ச்சலால் தள்ளிப்போன ஊசி அது. இதற்கு மேல் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையில் கேட்டால், வரவழைக்க நாளாகும் என்றார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்தேன். ஆண்டவரே, அந்த ஆளை நான் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், இவளுக்கு இன்றைக்கு மருந்து ஏற வேண்டும் என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் வீட்டுக்காரர் வந்தார். திருவேற்காட்டுக்காரர், நெற்றியில் விபூதி.

"எங்க ஊட்டம்மாக்கு காய்ச்சல் அண்ணாத்தே. இன்னிக்கு ஊசி இல்லன்ட்டாங்க. அதே மருந்துதான், இங்க பிரிட்ஜுலதான் கீது. நீங்க போட்டுக்கங்க. எங்குளுக்கு அப்பால வாங்கிக் குடுங்க."

டாக்டரும் சரி என்றார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. அப்போதுதான் நான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா மைக்கில், தன் மேசைமேல் வைத்த மருந்து தங்கச்சிக்கு வேலை செய்கிறது என்றார். நான் எழுந்தேன். "உன் மேசைல வச்சது குப்பைக்குப் போச்சி மச்சான். ஏறுனது வேற." ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தச் சபை வாசலை மிதிக்கவில்லை.

மீதி ஊசிகளும் போட்டு முடிந்தது. போன ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அம்மா இப்போது உங்களைத் திட்டுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. எனக்கு அதுவே துதிப்பாட்டு. பிள்ளைகளே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் அவர் கேட்கிறார். மாமாவை மன்னிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் வரவில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டேன்: அந்தச் சண்டைக்குப் பிறகு அடுத்த ஊசிக்கான மருந்தை வாங்கி வந்த அன்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள், அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பிரிட்ஜைத் திறந்து, மருந்துப் பெட்டிமேல் கை வைத்து ஜெபித்தேன். குளிர் வெளியே போவதற்குள் ஆமென் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.