அக்கா பாட்டுக்கு ஊர் சொன்ன அர்த்தம்

பாட்டுக்கு அர்த்தம் சொல்கிற ஆளைக் கண்டால் வெல்டருக்கு இன்றைக்கும் கை துறுதுறுக்கும். பாட்டு என்றால் கேட்கணும். பிடித்திருந்தால் இன்னொரு தடவை கேட்கணும், பிடிக்காவிட்டால் எழுந்து போகணும். அதை விட்டுவிட்டு, அடுத்தவள் வாயில் இருக்கிற பாட்டைப் பிடுங்கி, பிரித்து மேய்ந்து, "இவ மனசுல இதுதான் கிடக்கு" என்று ஊருக்குப் பந்தி வைக்கிற வேலையை எவன் கொடுத்தான்? இந்தக் கேள்வி வருஷக்கணக்காக அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை. துப்பலாம் என்றால் அக்கா விடவில்லை.

அக்கா அவனுக்கு மூத்தவள். பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற கூடத்தில் வேலை. ரத்தமும் மருந்துமாக வருகிற படுக்கை விரிப்புகள் கொதிநீரில் புரண்டு, காய்ந்து, சூட்டு உருளையில் நசுங்கி மேஜைக்கு வரும். மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, எதிரெதிரே நின்று இழுத்து உதறி, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்கணும். மெஷின் சத்தத்தில் பேசினால் காதில் விழாது. பாடினால் விழும். அதனால் அங்கே எல்லாரும் பாடுவார்கள்.

அக்காவின் இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்பாள். அந்தப் படிக்கு மீசை இருந்தது, கிரேன் ஓட்டுகிற வேலையும் இருந்தது. அக்கா புருஷன்தான். வெல்டருக்கு அது தெரியும். கட்டுப் போட அவளைக் கூட்டிப் போனவனே அவன்தானே.

அந்த மனுஷன் ஒருநாள் வேறு ஊரில் வேலை என்று பெட்டியைத் தூக்கினான். வாசலில் நின்று திரும்பி, "வருவேன்டி. நீ எங்க போயிடப் போறே?" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாளே அக்கா தம்பியின் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, எனக்கு ஒரு கிரில் கதவு அடிச்சுக் கொடு. உள்ளேயிருந்து பூட்டணும். வெளியிலேர்ந்து கையை விட்டா பூட்டு எட்டக் கூடாது."

"அந்தாளை நான் ரெண்டு தட்டு தட்டட்டுமாக்கா?"

"நீ இரும்பைத் தட்டு, போதும். யார்கிட்டேயும் மூச்சு விடக் கூடாது, சொல்லிட்டேன். அடி வாங்கினவள்னு தெரிஞ்சா, நாளையிலேர்ந்து எவளும் என் மூஞ்சியைப் பார்த்துப் பேச மாட்டா. கையைத்தான் பார்ப்பா."

கதவு அடித்துக் கொடுத்தான். வாசலுக்கு மேலே நல்ல வெளிச்சமான பல்பு ஒன்றும் மாட்டினான். வந்து நிற்பது யார் என்று உள்ளேயிருந்தே தெரியணும் அல்லவா? அந்த பல்பு விடிய விடிய எரியும்.

அந்தப் பாட்டு அப்புறம்தான் வந்தது. ஏதோ ஒரு பழைய படத்துப் பாட்டு. கூடத்தில் ரேடியோ பாடியதாம். 'போனவர் வருவார் ஒருநாள், விளக்கே, கண் மூடாதே.' அக்கா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். "எனக்குன்னே எழுதியிருக்கான்டா படுபாவி" என்று தம்பியிடம் வந்து சொன்னாள். அன்றிலிருந்து அதுதான் அவள் பாட்டு. வேலை செய்கிறபோது பாடுவாள், கதவைச் சாத்துகிறபோது பாடுவாள். பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பது போல அதைப் பாடுவாள்.

கூடத்துப் பெண்களுக்கு அது போதாதா? அவளோடு விரிப்பு மடிக்கிற ஜோடிக்காரி, "பாவம்டி, புருஷனை நினைச்சு உருகுறா" என்றாள். கல்யாணமாகாத ஒருத்திக்கு அதே பாட்டு பெண் பார்க்க வந்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனவனைப் பற்றியது. பிள்ளையைப் படிக்க அனுப்பியவளுக்குப் பிள்ளையைப் பற்றியது. அதுவரை குற்றமில்லை. அவரவர் பாட்டை அவரவர் வைத்துக்கொண்டார்கள். கேடு வந்தது எதிர்க்கடையிலிருந்து.

அக்கா வீட்டுக்கு எதிரே மின்விசிறி, ரேடியோ ரிப்பேர் கடை. கடைக்காரருக்குத் தெருவில் பெயர் பொழிப்புரை. வாசலில் ஸ்பீக்கர், கையில் மைக். ஒரு பாட்டு ஓடி முடிந்தால் அதற்கு ஒரு விளக்கம். புறாவைப் பற்றிய பாட்டுக்கு அரசியல் சொல்வார், மழைப் பாட்டுக்கு மாமியார் சொல்வார். மின்விசிறியைக் கொடுத்தவன் ஒரு மாதம் வியர்வையில் கிடப்பான், அர்த்தம் மட்டும் உடனுக்குடன் கிடைக்கும்.

"உங்கக்கா பாடுறதைக் கேட்டா எனக்குக் கண்ணு கலங்குதுப்பா" என்றார் வெல்டரிடம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. பாட்டுன்னா பாட்டு. விடுங்க."

"உனக்கு என்ன தெரியும், இரும்போட கிடக்குறவன். அந்த விளக்கு ஏன் எரியுது? அது விளக்கு இல்லப்பா, அவ மனசு!"

வெல்டர் பல்லைக் கடித்தான். அது நான் மாட்டின பல்பு, அதுக்குள்ள ஒரு மனசும் இல்லைடா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு பிடித்து நிறுத்தியது.

பொழிப்புரை சும்மா இருக்கவில்லை. யார் யாரையோ விசாரித்து, அந்தக் கிரேன்காரன் இருக்கிற ஊரைக் கண்டுபிடித்து, பஸ் ஏறிப் போய், "உன் சம்சாரம் உனக்காக விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கா" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. ஜோடிக்காரியும் வந்திருந்தாள். ஸ்பீக்கரை அக்கா வீட்டுப் பக்கம் திருப்பி, அந்தப் பாட்டையே போட்டார். பார்த்தவர்களில் பாதிப் பேர் அழுதார்கள்.

வெல்டர் விஷயம் தெரிந்து ஓடி வந்தபோது அக்கா கிரில்லுக்கு உள்ளே நின்றிருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கோணல் கையை நல்ல கையால் பிடித்திருந்தாள்.

"ஏன்டி, ஊரே பார்க்குது. திற" என்றான் புருஷன், சிரித்த முகமாக.

"வெக்கப்படுது தங்கச்சி" என்று மைக்கில் சொன்னார் பொழிப்புரை.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. தம்பியை மட்டும் பார்த்தாள். "பூட்டு சரியாத்தான் இருக்கு, தம்பி" என்றாள். உள்கதவையும் சாத்திக்கொண்டாள்.

புருஷன் கதவை உதைத்திருந்தால், கத்தியிருந்தால், அன்றைக்கே எல்லாருக்கும் வெளிச்சமாகியிருக்கும். படு கெட்டிக்காரன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லைங்க. அவ மனசு வேற எங்கியோ இருக்குபோல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கூட்டம் கலையவில்லை. எவளோ ஒருத்தி முதலில் கேட்டாள்: "அப்போ விளக்கு யாருக்காக எரிஞ்சுது?"

"அதானே" என்றார் பொழிப்புரை. பாட்டுக்கு இரண்டாவது அர்த்தம் அந்த இடத்திலேயே பிறந்துவிட்டது. வெல்டர் போய் அவர் சட்டையைப் பிடித்தான். ஜன்னலிலிருந்து அக்கா குரல் வந்தது: "தம்பி! கையை எடு. வாயையும் மூடு."

கையை எடுத்தான். வாயையும் மூடினான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மறுவாரம் ஜோடிக்காரி வேறு மேஜைக்குப் போய்விட்டாள். அக்காவோடு விரிப்புப் பிடிக்க எவளும் வரவில்லை. கெட்டுப்போனவள் பிடித்த மூலையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். நோயாளி படுத்த துணியைத் தொடலாமாம்! அக்கா பட்டறைக்கு வந்து, ஆள் உயரத்துக்கு இரண்டு கவ்வி வைத்து ஒரு இரும்பு ஸ்டாண்டு கேட்டாள். அடித்துக் கொடுத்தான். இரண்டு மூலையை அதில் மாட்டி, இரண்டைத் தான் பிடித்து, வேலையிலிருந்து நின்ற நாள்வரை தனியாகவே மடித்தாள். "இது பொம்பளைங்களை விட நல்லாப் பிடிக்குதுடா. மூக்கைச் சிந்தாது" என்று சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் வயிற்றில் கட்டி வந்து அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். விரிப்பின் ஓரத்தைத் தடவி, "எவடா இதை மடிச்சது, மூலை சேரலையே" என்று குறை சொன்னாள். அந்த நிலைமையில் பார்க்க வந்தார் பொழிப்புரை. கண்ணீர் வேறு.

"தங்கச்சி, பழசையெல்லாம் நாங்க மன்னிச்சுட்டோம். உனக்கு ஒண்ணுன்னா, உன் பாட்டைத்தான் கடையில போடுவேன். யாருக்காக விளக்கு எரிஞ்சுதோ அவரு வராமலே போயிட்டாரேன்னு ஊரே அழும்."

மன்னித்தார்களாம்! வெல்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அக்கா கண்ணாலேயே உட்கார வைத்தாள். அவர் போனதும் கோணல் கையை விரிப்புக்கு மேலே எடுத்துப் போட்டாள்.

"இனிமே இதை எவ பார்த்தா என்ன? தம்பி, நான் போனதும் அந்தாள் பாட்டைப் போடுவான். நீ போய் முதல்ல அதை நிறுத்து. மைக்கைக் கையில வாங்கு. படியில விழலைன்னு சொல்லு. கதவு எதுக்கு, பல்பு எதுக்கு, எல்லாத்தையும் சொல்லு."

"சொல்றேன்க்கா. நாறடிச்சுட்டுத்தான் வருவேன்."

"அதான் வேணாங்கிறேன். கத்தாம சொல்லுடா. நீ கத்தினா, வெல்டருக்குக் கோவம்னுதான் ஊர் பேசும். நான் சொன்னது எவன் காதுலேயும் ஏறாது. மெதுவா சொல்லு."