நல்லி வேணும்னா உருதுல கேளு

சப்ளையர் வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும்: சோறு ருசியா இருந்தா பாராட்டு சமையல்காரருக்கு, இல்லாட்டி திட்டு நமக்கு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரியாணி ஓட்டல்ல நான் தட்டு தூக்கினது, இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊரா மறியல் நடந்த வருஷங்கள்ல. நீங்களும் தட்டு தூக்கின ஆளா இருந்தா, வாங்க, சேர்ந்து அழுவோம்.

பேரை வச்சுக் கிடைச்ச வேலை

மொதலாளி கேட்டது ஒரே கேள்வி, பேரு இன்னான்னு. காதர்னேன். நாளைக்கே வந்துடுன்னுட்டார். வந்தப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. சமையல்கட்டுல சத்தார் பாய், ஆம்பூர்க்காரர். தமிழ் நல்லாத் தெரியும். ஆனா ஆர்டர் மட்டும் உருதுல வரணும். தமிழ்ல கத்தினா கழுத்தெலும்பு, அதுவும் கடைசியா. உருதுல கத்தினா நல்லி எலும்பு. எனக்கோ உருது சுத்தமா வராது. ரிஷிவந்தியத்துல எங்க வூட்டுப் பூனைகூடத் தமிழ்லதான் கத்தும்.

இந்த வேலை நிலைச்சாத்தான் வளையல் கடை அமீது பாய் தன் பொண்ணு ஜமீலாவை எனக்குக் கட்டிக் குடுக்கறதா பேச்சு. மொதலாளிகிட்ட உண்மையைச் சொன்னேன். ஏற எறங்கப் பார்த்துட்டு அவர் சொன்னார்:

"ரம்ஜானுக்குள்ள உருதுல கத்தக் கத்துக்கோ, இல்லாட்டி ரிஷிவந்தியம் பஸ்சு எத்தினி மணிக்குன்னு கத்துக்கோ."

ஒரே ஒரு வாக்கியம்

சத்தார் பாய் மனசு எறங்கி ஒரு வாக்கியம் சொல்லிக் குடுத்தார். "ஏக் பிரியாணி, தோ பரோட்டா, ஏக் பாயா, ஜல்தி!" ராத்திரி பகலா மனப்பாடம் பண்ணிட்டேன். பிரச்சினை இன்னான்னா, நடுவுல பிச்சு எடுக்கத் தெரியல. அதனால யாரு வந்து எதைக் கேட்டாலும் மொத்தமாக் கத்திடுவேன். பிரியாணி, ரெண்டு பரோட்டா, ஆட்டுக்கால் பாயா எல்லாம் வந்துடும்.

ஒரு நாள் பெரியவர் ஒருத்தர் கன்னத்தைப் புடிச்சுக்கினு வந்து, பால்ல ஊற வச்ச இடியாப்பம் கேட்டார். கத்தினேன். எல்லாம் வந்துச்சு. அவர் மேஜையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நான் பல்லு புடுங்கிக்கினு நேரா இங்க வரேன், இதெல்லாம் யாரு வூட்டுக்கு?"

ஹோனா, நக்கோ

மெதுவா ரெண்டு வார்த்தை தனியா வந்துச்சு. ஹோனான்னா வேணும், நக்கோன்னா வேணாம். அந்தச் சமயம் பார்த்து கோவிந்தசாமி வந்தார். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஓட்டுற விவசாயி. பக்கத்து எலையில நல்லி, தன் எலையில கழுத்தெலும்பு. மனுஷன் மூஞ்சி தொங்கிப் போச்சு. பாவமா இருந்துச்சு, ரகசியத்தைச் சொல்லிட்டேன். சமையல்கட்டைப் பார்த்து "நல்லி ஹோனா!"ன்னு ஒரு குரல் விட்டார். வந்துச்சு பாருங்க நல்லி, முழங்கை மொத்தத்துக்கு!

அடுத்த வாரம் கரும்பு ஓட்டுற ஊரே வந்துச்சு. டிராக்டர்லயே பாடம் படிச்சுக்கினு வந்தாங்களாம். எங்க மேஜையில உருது கரைபுரண்டு ஓடுச்சு. கடைசியில கோவிந்தசாமியோட சம்சாரமே கடைவாசல்ல வந்து நின்னாங்க.

"கூழு ஊத்த வந்தா நக்கோ நக்கோங்கிறாரு, என் வூட்டுக்காரரை இன்னாப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

நான் எதுக்கு?

ரம்ஜான் நோன்புக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே நான் உருதுல வெளுத்து வாங்க ஆரம்பிச்சுட்டேன். ஆனா கத்தறதுக்கு எனக்கு வாய்ப்பே இல்ல! வர்றவங்க எல்லாரும் நேரா சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்து அவங்களே கத்துறாங்க. நான் வெறும் தட்டோட சாமி சிலையாட்டம் நிக்கறேன். மொதலாளி கல்லாவுலேர்ந்து கூப்பிட்டார். அமீது பாய்க்கு இன்னா பதில் சொல்றது?

"ஊருக்கே உருது சொல்லிக் குடுத்துட்டே, சந்தோசம், இந்த மாசத்தோட நின்னுக்க."

மரம் விழுந்த வாரம்

அதே வாரம் சத்தார் பாய் தங்கச்சி மக நிக்காஹ்வுக்கு ஆம்பூர் போனார். மறியல் வந்துடுச்சு. ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிச் சாய்ச்சுட்டாங்க. பஸ் இல்ல, சத்தார் பாயும் இல்ல. மறியல்லேர்ந்து பசியோட நேரா நம்ம கடைக்கு வந்த கோவிந்தசாமி, பாய் எங்கன்னு கேட்டார். நீங்க போட்ட மரத்துக்கு அந்தாண்ட நிக்கறாருங்கன்னேன். ஆடிப் போயிட்டார்.

"அடக் கடவுளே, பாய் வர்ற ரோடுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் ஓரமாப் போட்டிருப்போமேப்பா!"

மூணு தமிழன்

அவசரத்துக்குக் கல்யாணச் சமையல் முனுசாமியைக் கூட்டியாந்தோம். அவருக்குத் தமிழ் மட்டும்தான். வாடிக்கைக்காரங்களோ தமிழுக்குத் திரும்பவே மாட்டேங்கிறாங்க, தமிழ்ல கேட்டா கழுத்தெலும்பு வந்துடும்னு பயம்! அப்புறம் இன்னா? கோவிந்தசாமி உருதுல கத்துவார், நான் தமிழ்ல முனுசாமிக்குச் சொல்லுவேன். நல்லி தீந்துடுச்சுன்னு முனுசாமி தமிழ்ல சொல்லுவார், நான் உருதுல கோவிந்தசாமிக்குச் சொல்லுவேன். முனுசாமி கரண்டியைக் கீழ வச்சுட்டார்.

"ஏம்பா காதரு, அந்தாளு நேத்து எங்கிட்ட பீடிக்கு நெருப்பு கேட்டானே, அப்ப நல்லாத்தான இருந்தான்?"

அமீது பாய் வந்தார்

கூட்டம் நெரிஞ்ச மத்தியானம் அமீது பாயே வந்துட்டார், என் வேலை இருக்குதா போச்சான்னு பார்க்க. மொதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து, இவன் ஒரு நாள் லீவு போட்டா கடையையே மூடணுங்கன்னார். அமீது பாய் உக்காந்தார். சுத்தி நாலு பக்கமும் கரும்பு விவசாயிங்க உருதுல முழங்குறாங்க. அவர் வூட்டுலயும் பூனை தமிழ்தான். மனுஷனுக்கு வேர்த்துப் போச்சு. என் சட்டையைப் புடிச்சு இழுத்து, காதுகிட்ட வந்தார். சொன்ன வார்த்தையில கடைசி வார்த்தை ஒண்ணு போதும், எனக்கு உசிரு வந்துடுச்சு.

"சத்தம் போடாத, நல்லி வேணும்னா இன்னான்னு கத்தணும் மாப்ள?"

உருது தெரியாததால போக இருந்த வேலை, ஊருக்கே உருது தெரிஞ்சதால மறுபடியும் போக இருந்து, கடைசியில எனக்குத் தமிழ் தெரிஞ்ச ஒரே காரணத்தால நிலைச்சுதுங்க.