அரை வைரஸ் வேட்டை

கண்ணுக்குத் தெரியாததைப் படம் பிடிப்பதுதான் என் உத்தியோகம். "ஆபீசில் என்ன வேலை?" என்ற கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறவர்களுக்கு என் அவஸ்தை புரியும். எழுபதுகளின் கடைசியில், டெல்லி ஆய்வகம் ஒன்றில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

செல்

கிட்வாய் நகரில் பக்கத்து வீட்டு ராமநாதன் ஆடிட் ஆபீஸ்காரர்; துருவாமல் விடமாட்டார். "செல்லுக்குள்ள வைரஸ் புகுந்து எப்படி வளர்றதுன்னு பாக்கறோம் சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதானே பாத்தேன்! டார்ச்சுல புது செல் போட்டாலும் ரெண்டே நாள்ல அழுது வடியறது!"

இமை முடி

மெர்சி நாகர்கோவில் பெண், எங்கள் ஆராய்ச்சி மாணவி. செல்லுக்குள் வைரஸ் பாதி உருவாகி நிற்கும் படம் வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் பட்டத்தை மறந்துவிடு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். முழு வைரஸ் மந்தை மந்தையாகக் கிடைத்தது. அரைகுறைதான் அகப்படவில்லை.

மைக்ராஸ்கோப்பில் பார்க்க, செல்லை மெல்லிசாகச் சீவினால் சீவல் தண்ணீரில் மிதக்கும். அதை ஒதுக்கியெடுக்க, குச்சி நுனியில் ஒட்டிய கண்ணிமை முடிதான் ஆயுதம். எனக்கு இருப்பது குட்டை முடி. மெர்சி ஏற்கெனவே தானம் செய்து ஓய்ந்திருந்தாள். எதிர் அறை சர்தார்ஜிக்கோ நீள நீளமான இமைகள். முடியில் கைவைப்பது அவர் மதத்தில் ஆகாது என்பதை மறந்து கேட்டுத் தொலைத்தேன். நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார். "தானா விழுந்தா எடுத்துக்கோ, பாயி. பிடுங்க மட்டும் விடமாட்டேன்!"

பொறுமை

ஒரு மே மாத மத்தியானம் திரையில் அது தெரிந்தது. பிறை போல வளைந்த வைரஸ் ஓடு, இன்னும் மூடவில்லை. மெர்சி கத்தியேவிட்டாள். நான் படம் எடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அவள் ஜெபம் செய்தாள், நான் கரண்ட்காரர்களைத் திட்டினேன். எது பலித்ததோ, மறுநாள் தேடியபோது அதே செல் அகப்பட்டது. படத்தைக் கழுவித் தொங்கவிட்டபோது எனக்கே கண் கலங்கியது.

பட்டமும் கிடைத்தது. ஊரிலிருந்து வந்த மெர்சியின் அப்பாவிடம், "இதுதான் பாதி வளர்ந்த வைரஸ்" என்று பெருமையாகக் காட்டினோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு மகளிடம் சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கு மக்ளே. கொஞ்சம் பொறுத்திருந்தா முழுசா வளந்தப்புறம் எடுத்திருக்கலாம்லா?"

அரைகுறை வேலைக்குத் திட்டு வாங்காமல் டாக்டர் பட்டம் வாங்கிய ஆபீஸ், இந்தத் தலைநகரிலேயே எங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.