ஆபீசரைப் பார்க்காதீர்கள்

அழைப்பு மணி அடித்ததும் அந்த வீட்டில் இரண்டு பேர் ஓடுகிறார்கள். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குகிறது. வீட்டுக்காரர் குளியலறைக்குள் நுழைந்து குழாயைத் திறந்துவிடுகிறார். வந்தவர் போகும்வரை அவர் குளித்துக்கொண்டிருப்பதாக வீட்டில் ஏற்பாடு. "இந்தத் தெருவிலயே என்னைவிட சுத்தமான ஆள் கிடையாதுங்க" என்பார், துண்டால் காய்ந்த தலையைத் துவட்டியபடி.

இத்தனைக்கும் அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து அவர் வாயைத் திறந்தால், தூங்குகிறவன்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அந்தக் கணீர்க் குரலுக்கு உரியவர் யாரென்று பார்க்க யாராவது கண்ணாடியில் மூக்கை ஒட்டினால் போதும், மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். "ஊரே என் குரலுக்கு அடங்கும். எதிர்ல ஒரு ஆளு வந்து நின்னா, அந்தக் குரல் எனக்கே அடங்காது."

நாய் அவருக்குக் கிடைத்ததும் அந்த மேசைக்கு அடியில்தான். மழைக்கு ஒதுங்கிய குட்டி. இருவரும் ஒளிந்த இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். பெயர் வைத்தது அவர் மனைவி: "எப்பப் பாத்தாலும் உள்ளயே இருக்கு, வந்தவங்க மூஞ்சிய பாக்க மாட்டேங்குது. ஆபீசர்னே கூப்பிடுவோம்."

மனைவி முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருக்கிறார். நாள் முழுக்க ஆட்கள் வந்துபோகும் இடம். ஒரு நாள் அளவு கொடுக்க வந்த பெண்மணி ஆசையாகக் குனிந்து தலையைத் தடவப் போக, ஆபீசர் பின்வாங்கிப் பின்வாங்கி, தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகளின் மேலேயே சிறுநீர் கழித்துவிட்டது. அன்று மாலை மனைவி குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவருக்குக் கலக்கத்தைக் கொடுத்தது.

"மாசக் கடைசியில எங்க அண்ணன் வண்டி எடுத்துக்கிட்டு வருது. அதுக்குள்ள நாய் ஆளுங்களப் பாத்து பயப்படாம இருக்கக் கத்துக்கிச்சுன்னா இங்க இருக்கட்டும். இல்லன்னா அண்ணன் குடோனுக்குப் போவட்டும். அங்க மூட்டைங்கதான் இருக்கும், மனுசங்க கிடையாது."

"அப்படின்னா என்னையும் சேத்து அனுப்பிடேன்" என்றார். மனைவி சிரிக்கவில்லை.

கால்நடை மருத்துவர் சொன்ன வழி எளிமையானதுதான். புதிய ஆள் நாயைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, கீழே ஒரு பிஸ்கட்டைப் போட வேண்டும். அதுவாக வந்தால் வரட்டும். வராவிட்டாலும் கோபம் கூடாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒப்பித்துவிட்டு, "இதே மருந்தை எனக்கும் எழுதிக் குடுங்க டாக்டர்னு கேக்கலாம்னு பாத்தேன். வெக்கமா இருந்துச்சு" என்றார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பிஸ்கட் போடப் புதிய ஆட்கள் வேண்டும். அவர்களை இவர்தான் கேட்க வேண்டும். மாலையில் தெருமுனையில், ஸ்கூட்டரில் சாய்ந்து யாருக்கோ காத்திருந்த ஒருவரிடம், நாயைக் கயிற்றில் பிடித்தபடி போனார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் அங்கே போனதும் காலை வாரிவிட்டது.

"சார்... எங்க நாயைப் பாக்காதீங்க."

"நான் எங்கய்யா பாத்தேன்?"

"பாக்கலங்க. அதான், இப்படியே பாக்காம இருங்க. இந்தாங்க பிஸ்கட்."

ஸ்கூட்டர்காரர் பிஸ்கட்டை வாங்கித் தின்றுவிட்டு, "டீ இல்லியா?" என்று கேட்டார். இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இப்படிப் பல மாலைகள். ஆபீசர் ஆளைக் கண்டால் இவர் கால்களுக்கு இடையில் புகுந்து நடுங்குவது குறையவில்லை. ஒருநாள் மனைவியும் கூட வந்தார், நான்கு அடி பின்னால். எதிரே ஒரு பெரியவர் வந்து கடந்து போனார்.

"கொஞ்சம் கையைக் காட்டுங்க" என்றார் மனைவி.

காட்டினார். கயிறு உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. சிவந்து தடம் பதிந்திருந்தது.

"நாய் பாட்டுக்கு வேலிய மோந்துக்கிட்டு வந்துச்சு. ஆளைப் பாத்தது நீங்க. கயித்த இழுத்தது நீங்க. அதுக்கப்புறந்தான் அது நடுங்குது."

அவர் கயிற்றின் சுற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பிறகு, "காப்பாத்துறேன்னு நெனச்சேன். வேளை தவறாம கிலியத்தான் ஊட்டியிருக்கேன்" என்றார். சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை. மற்றவருக்கு நாம் கொடுப்பது எது, நம்மிடமிருந்து வழிந்து அவர் மேல் சிந்துவது எது என்று பிரித்தறிவது யாருக்கும் எளிதில்லை. அவருக்கு அதைக் கயிற்றுத் தடம் சொல்லவேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து கயிறு தொய்வாகத் தொங்கியது. இறுகத் துடிக்கும் கையை அடக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஆள் வருவது தெரிந்தால் நிலையத்துக் குரலில், ஆனால் முணுமுணுப்பாக, "பயணிகள் கவனத்திற்கு. எதிரே வருபவர் தானாகவே கடந்து செல்வார். பதற்றப்பட வேண்டாம்" என்று அறிவிப்பார். ஆபீசர் காதைத் தூக்கிக் கேட்கும். கடந்து செல்பவர்கள் இவரைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "நாய்க்குப் பயம் தெளிஞ்சிடுச்சு. ஊருக்குத்தான் என்மேல பயம் வந்திருக்கு" என்கிறார்.

மாசக் கடைசியில் மணி அடித்தது. மைத்துனர். ஆள் வாட்டசாட்டம்; தும்மினால் ஜன்னல் அதிரும். தங்கையின் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்தபோதெல்லாம், மாப்பிள்ளை குளிக்கும் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார். இன்று குழாய்ச் சத்தம் இல்லை. உள்ளறைத் திரைக்குப் பின்னால் மாப்பிள்ளையும் நாயும் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. பேசாத. பிஸ்கட்ட கீழ போடு."

"என்ன கண்றாவி இது? என் தங்கச்சி வீட்ல நான் செவுத்தப் பாத்து உக்காரணுமா?"

"உக்காரு."

உட்கார்ந்தார். அந்த உடம்புக்குத் தரையில் சம்மணமிடுவதே பெரும்பாடு. திரைக்குப் பின்னால் அறிவிப்பு மெல்ல ஒலித்தது. கயிறு கையிலிருந்து நழுவியது. திரையின் கீழிருந்து முதலில் மூக்கு, பிறகு ஒரு கால். நின்றது. யோசித்தது. வயிற்றைத் தரையில் உரசிக்கொண்டு வந்து பிஸ்கட்டை எடுத்தது. ஓடவில்லை. அங்கேயே, பெரிய முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நொறுக்கியது.

மனைவி புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

மைத்துனர் சுவரைப் பார்த்தபடியே வண்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். டப்பாவிலிருந்து இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். தலையைத் திருப்பாமல், ஒரு வார்த்தை பேசாமல், உள்ளங்கையை விரித்து அதைத் திரையின் பக்கமாக நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

திரை கொஞ்சம் அசைந்தது. மாப்பிள்ளை வெளியே வந்து, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, ஆபீசரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.