லூர்து அண்ணனின் பூட்டிய டிஸ்க்

கணினி டிஸ்க்கில் பாஸ்வேர்டால் பூட்டுப் போட்ட பகுதியைப் பெரிதாக்கித் தருவது, வீட்டுக்காரர் உள்ளே குடியிருக்கும்போதே சுவரைத் தள்ளிக் கட்டுகிற மாதிரியான வேலை. இரண்டாயிரத்துக்குப் பின் சில வருடங்கள், பெங்களூர் அல்சூரில் ஒரு சிறிய கடையில் அதைச் செய்தேன். படித்தும் கெடுத்தும் நானே கற்றது. லூர்து அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அங்கேதான். பாஸ்வேர்டை அடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். "சாயங்காலம் வர்றேன் தம்பி. அதுக்குள்ள எதையும் தொலைச்சுடாதே."

கல்யாணப் படங்கள்

அண்ணன் லிங்கராஜபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். இருபது வருடக் கல்யாணப் படங்களைக் கணினியில் ஏற்றிப் பூட்டி வைத்திருந்தார். நெகட்டிவ்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விட்டன. பெண்பிள்ளைகள் படம் வேறு யார் கையிலும் சிக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார். பெற்ற மகளுக்கும் அதைச் சொன்னதில்லை.

இடம் நிறைந்துவிட்டது என்று வந்தார். முதலில் ஒரு நகல் எடுக்கலாம் என்றேன். இதில் கை சுட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும், நகல் இல்லாமல் தொடவே கூடாது. அண்ணன் மறுத்தார், அவர் முகத்துக்காக நான் தொட்டேன். "ரெண்டு இடத்துல இருந்தா ரெண்டு கவலை தம்பி. எனக்கு ஒண்ணே போதும்."

திறந்தே இருந்தது

பெரிதாக்கும்போது வெளிச்சுவர் முதலில், அடுத்து பூட்டு, கடைசியில் உள்ளே படங்களை அடுக்கியிருக்கும் தட்டுகள். சிறிதாக்க வேண்டுமென்றால் தலைகீழ். வரிசை மாறினால் வால் பக்கத்துப் படங்கள் போய்விடும். அன்று எல்லாம் சரியாகவே முடிந்தது.

என் மனைவி கமலா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அப்போது அண்ணனின் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். அண்ணன் வீட்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் அடித்த பாஸ்வேர்டில் டிஸ்க் இன்னும் திறந்திருந்தது. கணினி ஒரு முறை அணைந்தால் அப்புறம் யாராலும் திறக்க முடியாது. கமலாவுக்கு எப்போதோ அதைச் சொல்லியிருக்கிறேன் போல. "அப்புறம் அழலாம். முதல்ல மிஷினைப் பாருங்க."

பேக்கரி ஜெனரேட்டர்

வெளியிலிருந்து மாட்டும் டிஸ்க் ஒன்றைச் செருகி நகலெடுக்க ஆரம்பித்தேன். மானிட்டரை அணைத்தேன், யூபிஎஸ் பேட்டரிக்காகவும், படங்கள் யார் கண்ணிலும் படக் கூடாதென்ற அண்ணனுக்காகவும். கால்வாசி ஆவதற்குள் கரண்ட் போனது. பழைய பேட்டரி, பத்து நிமிடம் தாங்கினால் அதிகம்.

பக்கத்து பேக்கரியில் ஜெனரேட்டர் ஓடியது. பேக்கரி நடத்திய ஹாசன்காரர் மஞ்சண்ணாவின் மாவு பிசையும் மிஷினுக்கே அது சரியாக இருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் மிஷினை நிறுத்திவிட்டு, வயரை ஜன்னல் வழியாக நீட்டினார். மூன்று மணி நேரம் கையாலேயே மாவு பிசைந்தார். நகல் முடிந்து நன்றி சொல்லப் போனபோது அவர் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "பன்னு கல்லு மாதிரி இருந்தாலும் திட்டிட்டுத் தின்னுருவாங்க சார். அந்தப் படத்துல இருக்கறவங்களையெல்லாம் மறுபடி கல்யாணம் பண்ண வைக்க முடியுமா?"

ஸ்டெல்லா

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து வந்தாள். நகலைக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கை என்னிடமே விட்டுவிட்டாள். கடையிலேயே உட்கார்ந்து வெகுநேரம் படங்களைப் பார்த்தாள். "அப்பா ஒரு படத்துல கூட இல்ல அங்கிள். ஆனா எல்லாரும் அவரைத்தான் பார்த்துட்டு இருக்காங்க."

கமலாவும் போய்ச்சேர்ந்துவிட்டாள், கடையும் இல்லை. அண்ணன் கேட்டபடி இரண்டு மடங்கு இடம் பண்ணிய அந்த டிஸ்க் என் அலமாரியில் இருக்கிறது. நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான், திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.