நாக்பூருக்குப் போன தார்ப்பாய்கள்

வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போட்டிருப்பதைப் படமெடுக்க வேண்டும் என்பது என் மூன்று வருட ஆசை. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் போடும் செல்லமுத்து அண்ணன் எனக்குப் பழக்கம். "களம் நெறைய காயுதுங்க, வாங்க" என்றார். மார்ச் இரண்டாம் சனிக்கிழமை கிளம்பினேன்.

வானிலை கேட்காமல் நான் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக மாட்டேன். காலை ஐந்தரைக்கு நாடு முழுவதற்குமான அறிவிப்பைக் கேட்டேன். காஷ்மீரில் பனி, அசாமில் கனமழை, நாக்பூர் பக்கம் ஆலங்கட்டி மழை, தமிழ்நாட்டில் வறண்ட வானிலை. குடையை ஆணியிலேயே விட்டுவிட்டேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் 6:10க்கு டவுன் பஸ். சேலம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து ராசிபுரம் ஒரு மணி நேரம், 25 ரூபாய். இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ், பத்து கிலோமீட்டர், பத்து ரூபாய். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அண்ணனின் களம். மணி 9:20. அரை ஏக்கருக்கு மஞ்சள் பரப்பிக் கிடந்தது. கண் கூசியது.

அண்ணனுக்கு ஒரு லாரியும் உண்டு. அவர் மனைவி ராசம்மாளின் தம்பி பழனிதான் ஓட்டுகிறார். அதனால் அந்த வீட்டில் இந்தியா முழுவதற்கும் வானிலை கேட்கிறார்கள்.

"அசாம்ல பெய்யட்டுமுங்க, நம்ம வண்டி அங்க இல்லை" என்றார் அண்ணன். "மாப்ள ஜவ்வரிசி லோடோட நாக்பூர்ல நிக்கறான். அங்க கல்மழைன்னு வண்டி கெளம்பறப்பவே சொன்னாங்க. ஊட்டுல இருந்த நாலு தார்ப்பாயையும் வண்டியில ஏத்தி உட்டுட்டனுங்க."

"இங்க மழை வந்தா?"

"நம்மூருக்குத்தான் வறண்ட வானிலைன்னுட்டாங்களே."

நானும் அதே அறிவிப்பை நம்பித்தான் குடையை வீட்டில் விட்டு வந்திருந்தேன்.

2:10க்குப் போதமலைப் பக்கம் வானம் கறுத்தது. காய்ந்த மஞ்சள் நனைந்தால் நிறம் கெடும். பத்து மாத உழைப்பு போய்விடும். அண்ணன் முதலில் அண்ணாந்து பார்க்கவில்லை, போனைப் பார்த்தார். "இதுல வெயிலுன்னுதாங்க காட்டுது" என்றார். அப்போது அவர் நெற்றியில் ஒரு துளி விழுந்தது.

"அந்தப் போனைக் கீழ வெச்சுட்டு வந்து மஞ்சளக் கூட்டுங்க" என்றார் ராசம்மாள். அவர் அதற்குள் பாதிக் களத்தைக் குவித்திருந்தார். நானும் ஓடினேன். மூன்று பேரும் மூச்சு வாங்கக் குவித்து முடித்தபோதுதான் மூட எதுவும் இல்லை என்பது உறைத்தது. ராசம்மாள் கொட்டகைக்குள் போய் ஒரு பெரிய ஃப்ளெக்ஸை இழுத்து வந்தார். தங்கை மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் என்று அண்ணன் தனக்கே அடித்துக்கொண்டது. இருபதடி நீளம். அதில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கும்பிட்டபடி இருந்தார்.

"அது வேண்டாம் புள்ள, மூஞ்சி கெட்டுப்போயிரும்" என்றார் அண்ணன்.

"மஞ்சள் கெடறதுக்கு மூஞ்சி கெடட்டும்."

நாற்பது நிமிடம் கொட்டித் தீர்த்தது. நாங்கள் நான்கு மூலையிலும் கல்லை வைத்து மேலேயே உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்த இடம் அண்ணனின் மீசை. மழை விட்டதும் ராசம்மாள் ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஈரமில்லாமல் சடக்கென்று ஒடிந்தது. ஃப்ளெக்ஸ் எட்டாத கிழக்கு மூலைக் குவியல் மட்டும் நனைந்துவிட்டது. மாலை வெளிச்சத்துக்காகக் காத்திருந்ததில் நான் எடுத்த படம் ஒன்றே ஒன்று, அதுவும் மங்கல்.

போக நினைப்பவர்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை போகலாம். காலை பத்து மணிக்கு முன் வெளிச்சம் நன்றாக இருக்கும். களத்துக்காரரிடம் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். மஞ்சள் ஏறிய சட்டை வெளுக்காது, பழையதாகப் போட்டுக்கொள்ளுங்கள். குடை கட்டாயம்.

3:20க்கு நான் கிளம்பும்போது பழனியின் போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், இங்க வெயில் சுள்ளுன்னு அடிக்குதுங்க. தார்ப்பாய் நாலும் மடிச்சபடியே கெடக்குது. எல்லாத்தையும் நான் கொண்டாந்துட்டேன், அங்க மஞ்சளுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

அண்ணனின் தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கிழக்கு மூலையைப் பார்த்தார்.

"இங்கயும் வெயில்தான் மாப்ள. நீ பாத்து வா."

பிழிந்துகொண்டிருந்த சேலைத் தலைப்பை விட்டுவிட்டு ராசம்மாள் போனை வாங்கினார்.

"ஆமாஞ்சாமி," என்றார், "நல்லாக் காயுது."