என்ன வேலை, பாப்பா?

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் சாந்தமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. எல்லாம் நல்லபடியாக முடிந்தும் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே, சின்னதாக ஒரு மாற்றுத் தொடக்கப்பள்ளி நடத்துகிறேன். எங்களிடம் பெஞ்சு கிடையாது, பரீட்சை கிடையாது. பிள்ளைகள் ஆளுக்கொரு பாயை விரித்து, பிடித்த பாடப்பொருளை எடுத்து வைத்துக் கற்றுக்கொள்வார்கள். அதற்கு எங்கள் பள்ளியில் ‘வேலை’ என்று பெயர். எழுத்து வேலை, கணக்கு வேலை. எண்ணிப் பழகும் பாசிமணிகள் வாங்க வசதி இல்லை, அதனால் நெல் வைத்திருந்தோம். எங்கள் ஊரில் நெல்லுக்கா பஞ்சம்?

அரசு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தோம். கிடைக்காவிட்டால் பள்ளியை மூடியாக வேண்டும். பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அபிநயாவிடம், “என்ன பண்றே?” என்றார். அவள் வயல் கூலிக்குப் போகும் மல்லிகாவின் மகள். எதிரே முறத்தில் நெல் இருந்தது. “வேலை பாக்குறேங்க” என்றாள்.

அவ்வளவுதான். பிள்ளைகளை வைத்து நெல் புடைக்கிறார்கள், இது பள்ளிக்கூடமே இல்லை என்று நின்ற வாக்கிலேயே எழுதிவிட்டார். நான் விளக்க வாயைத் திறந்தேன். “புள்ளைங்க பொய் சொல்லாதும்மா” என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயம் கேள்விப்பட்ட மல்லிகா நடவுச் சேற்றுக் காலோடு வந்து நின்றாள். “எட்டு வயசுல நான் நாத்து பறிச்சேன் டீச்சர். அப்ப ஒரு ஆபீசரும் வரப்புல வந்து நிக்கல. எம்மவ உக்காந்து எண்ணுனா மட்டும் இவங்களுக்குக் கண்ணு தெரியுதா?”

அன்று பிள்ளைகள் போன பிறகு வகுப்பறையிலேயே முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை, சண்டைதான் வந்தது. “ஆண்டவரே, நீர் தச்சன் வீட்டுப் பிள்ளைதானே? உளியும் கையுமாகப் பார்த்திருந்தால் உம்மையும் அந்த ஆள் குழந்தைத் தொழிலாளி என்றுதான் எழுதியிருப்பார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பீரா? இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த ஆளை அனுப்பும்” என்று கத்தினேன். அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்முறையீடு செய்தோம். மறுபடியும் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. என் விசுவாசத்தின் லட்சணத்தைப் பாருங்கள், பிள்ளைகளை உட்கார வைத்து, “யார் கேட்டாலும் ‘படிக்கிறோம்’னுதான் சொல்லணும்” என்று மனப்பாடம் செய்ய வைத்தேன்.

இந்த முறை வந்தவர் ஒரு பெண் அதிகாரி. நேராக அபிநயாவின் பாய்க்குத்தான் போனார்.

“என்ன பண்றே?”

“வேலை பாக்குறேங்க.”

எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை சொல்லிக் கொடுத்தும் இவள் மாற்றவில்லையே, பள்ளிக்கூடம் இன்றோடு சரி என்று நினைத்தேன்.

“என்ன வேலை, பாப்பா?”

அவள் நிமிராமலே சொன்னாள். “ஆயிரம் வேலைங்க. பத்து பத்தா எண்ணி வச்சேன். ஆயிரம் நெல்லுன்னா மூட்டை நெறைய வரும்னு நெனச்சேன். என் ஒரு கைக்குள்ளயே அடங்கிடுச்சு. பாக்குறீங்களா?”

கையை நீட்டினாள். அந்த அதிகாரி அம்மா பாயில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். ஆயிரம் நெல்லு இவ்வளவுதான்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார்.

அங்கீகாரம் வந்துவிட்டது. நான் சண்டை போட்டுக் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். வார்த்தை பிசகாமல் கொடுத்தார் என் தேவன், அவருக்கு ஸ்தோத்திரம். முதலில் வந்தவரை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முயற்சி செய்கிறேன், இன்னும் வரவில்லை. அதையும் ஆண்டவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

முன்பெல்லாம் கோபத்தை மூடி வைத்துவிட்டு அழகான வார்த்தைகளில் ஜெபிப்பேன். இப்போது அந்த நடிப்பு இல்லை. உங்களுக்கும் அநியாயம் நடந்து நெஞ்சு கொதித்தால் பூசி மெழுகாதீர்கள். கொதிக்கக் கொதிக்கவே கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். நின்ற வாக்கில் நம்மைப் பற்றி எழுதிவிட்டுப் போகமாட்டார். நம் பாயில் உட்கார்ந்து கேட்பார்.